காரவள்ளி ரோட்டில் ஒரு பழைய பாட்டு

போன மாசம் ஒரு நாள், காலைல அஞ்சே முக்கால் இருக்கும். சேந்தமங்கலத்துல இருந்து காரவள்ளி போற ரோட்டுல ஓடிக்கிட்டிருந்தேன். ஓட்டம்னு சொன்னா நிஜமா ஓடறவங்க கோவிச்சுக்குவாங்க. ரெண்டு கரண்ட் கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை. சர்க்கரை கூடியிருக்குன்னு டாக்டர் சொல்லி ஆறு மாசமாச்சு, அதுல இருந்து இந்தக் கூத்து. எதிர்ல கொல்லிமலை. சூரியன் அதுக்குப் பின்னாடி இருந்துதான் வரணும்கறதால எங்க ஊர்ல விடியல் கொஞ்சம் லேட். ரெண்டு பக்கமும் குச்சிக்கிழங்குக் காடு, நடுநடுவுல கோழிப்பண்ணை. காத்து திரும்பினா மூச்சை அடக்கிக்கிட்டு ஓடணும், டாக்டர் சொன்ன மூச்சுப் பயிற்சியும் அதுல ஆயிடும் :-)

ஒரு காதுல மட்டும் இயர்போன். இன்னொரு காது லாரிக்கு. நாமக்கல் பக்கத்துல பொறந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன்ல பாட்டு அதுபாட்டுக்கு கலைச்சுப் போட்டு வந்துக்கிட்டிருந்தது. திடீர்னு ஜானி பட ஜானகி பாட்டு. 1980, மகேந்திரன் படம். அந்தப் படத்துல ஜானகியம்மாவுக்கு ஒரே பாட்டுதான். ஜென்சி, சுஜாதா, ஷைலஜா, எஸ்.பி.பி.ன்னு ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக் குடுத்துட்டு, கடைசி மழைக் காட்சியை ராஜா இவங்களுக்குன்னு எடுத்து வெச்சிருந்தார். மேடையில ஸ்ரீதேவி பாடிக்கிட்டிருப்பாங்க, மழை கொட்டும், கூட்டம் கலைஞ்சு போயிடும், பாட்டு மட்டும் நிக்காது. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு நான் அதை முழுசாக் கேட்டு. அப்பிடியே ரோட்டோரம் நின்னுட்டேன். ஒரு பால்காரர் வண்டியை நிறுத்தி "என்னங்க, நெஞ்சு வலிக்குதா?"ன்னு கேட்டுட்டுப் போனார்.

ஓடறதுக்கு அது தோதான பாட்டே இல்லைங்கறதையும் சொல்லிடணும். லண்டன் புரூனெல் பல்கலைக்கழகத்துல காஸ்டாஸ் கராகியார்கிஸ்னு ஒருத்தர் பாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் உள்ள உறவை வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணியிருக்கார். நிமிஷத்துக்கு 120-ல இருந்து 140 தட்டு வரைக்கும் இருக்கற பாட்டு உடம்புக்கு ஒத்துப்போகுதாம், களைப்பு கொஞ்சம் கம்மியாத் தெரியுதாம். எத்தியோப்பியாவோட ஹெய்லி கெப்ரசெலாசி 1998 பிப்ரவரியில பர்மிங்ஹாம் உள்ளரங்கத்துல 2000 மீட்டரை 4 நிமிஷம் 52 சொச்சம் செகண்ட்ல ஓடி உலக சாதனை பண்ணினப்ப, ஸ்கேட்மேன்ங்கற துள்ளல் பாட்டை மைதான ஸ்பீக்கர்ல போடச் சொல்லிக் கேட்டு வாங்கி, அந்தத் தாளத்துக்கு ஓடினார். 2007-ல அமெரிக்க ஓட்டப் போட்டிகள்ல ஹெட்ஃபோனே கூடாதுன்னு தடை போட்டு, கத்தல் தாங்காம அடுத்த வருஷமே தளர்த்தினாங்க. ஆக, பாட்டு காலுக்கு ஊக்க மருந்து மாதிரிங்கறது ஊரறிஞ்சது. ஜானகி பாட்டு எனக்கு எதிர்வேலை பண்ணுச்சு. காலைக் கட்டிப்போட்டுடுச்சு.

விஷயம் அதுவும் இல்லை. பாட்டு முடிஞ்சது. முடிஞ்ச உடனே என் மண்டைக்குள்ள ஒரு "ஷ்ஷ்" சத்தம் வரணும்னு காத்துக்கிட்டிருந்தேன். வரலை. போன் வேற ஏதோ குத்துப் பாட்டுக்குத் தாவிடுச்சு. அந்த "ஷ்ஷ்" எங்கன்னு யோசிச்சுக்கிட்டே வீடு வந்து சேர்ந்தேன். இனி கொசுவத்திதான், பொறுத்துக்கோங்க.

மொதல்ல மலையில இருந்து ஆரம்பிக்கிறேன், தினமும் மூஞ்சிக்கு நேரா நிக்கிறதால. கொல்லிமலை வல்வில் ஓரியோட மலை. ஒரே அம்புல யானை, புலி, மான், பன்னி, உடும்புன்னு வரிசையா துளைச்சவன்னு வன்பரணர் புறநானூறு 152-ல சொல்றது எல்லாருக்கும் தெரியும், எங்க ஊர்ப் பசங்க ஸ்கூல்லயே மனப்பாடம். அதே பாட்டுல நமக்கு வேண்டிய சங்கதி வேற ஒண்ணு இருக்கு. காட்டுல அம்போட நிக்கிறவன் யாருன்னே தெரியாம, பாணர் கூட்டம் அவன் முன்னாடி கச்சேரியை ஆரம்பிக்குது. யாழ், முழவு, தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலைன்னு ஒவ்வொரு வாத்தியமா பேர் வருது. இருபத்தியொரு துறையும் பாடி முடிச்சு அவனை "கோ"ன்னு கூப்பிட்டதும், அது தன் பேராச்சேன்னு ஓரி வெக்கப்படறான். எவ்வளவு அழகான இடம்! ஒரு ராஜாவை வெக்கப்பட வெச்ச கச்சேரி. நான் ஓடற ரோட்டுக்கு மேல, அந்தக் காட்டுக்குள்ள எங்கயோ.

அடுத்த பாட்டு, 153, இன்னும் விசேஷம். ஓரிகிட்ட போன கூத்தர் கூட்டம் பொன்னும் யானையுமா வாங்கிக்கிட்டு வருது. பசி போயிடுச்சு. பசி போனதாலயோ என்னவோ, வாத்தியம் முழங்கினாலும் ஆடவும் முடியலை, பாட்டையும் மறந்துட்டாங்கன்னு பாடி முடிக்கிறார் வன்பரணர். வள்ளலைப் புகழறதுக்காகச் சொன்னதுதான். ஆனா படிக்கும்போதெல்லாம் எனக்கு சுருக்குங்கும். வயிறு நிறைஞ்சா பாட்டு மறந்துபோகும்னு அந்தக் காலத்துலயே ஒருத்தர் கண்டுபிடிச்சு வெச்சிருக்கார் பாருங்க. வேலை, கல்யாணம், வீட்டுக்கடன்னு ஓடின இருபத்தஞ்சு வருஷத்துல நான் மறந்ததும் அப்பிடித்தானே?

இன்னொரு வேடிக்கை, அந்தப் புறநானூறையே நாம மறந்து போய்த்தான் இருந்தோம். உ.வே.சா. ஓலை ஓலையாத் தேடி 1894-ல அச்சுல கொண்டு வந்த பிறகுதான் ஓரியும் அவன் வெக்கமும் நமக்குத் திரும்பக் கிடைச்சது. எழுத்து கிடைச்சது, சரி. ராகம்? ஆகுளி எப்பிடிச் சத்தம் போடும்? பதலைக்கும் முழவுக்கும் காதுல என்ன வித்தியாசம்? இசைத் தமிழைத் திரும்பக் கட்டி எழுப்ப ஆபிரகாம் பண்டிதர் 1917-ல கருணாமிர்த சாகரம் கொண்டு வந்தார், விபுலாநந்த அடிகள் 1947-ல யாழ் நூல் கொண்டு வந்தார். ஆளுக்கொரு வாழ்நாள் உழைப்பு. கணக்குப் போட்டு சுரம் கண்டுபிடிக்கலாம். ஆனா அந்த விறலி எந்த இடத்துல மூச்சு எடுத்தாங்கறதை எந்தக் கணக்குல கண்டுபிடிக்கிறது?

தேவாரத்துக்கும் இதே கதைதான். சிதம்பரத்துல பூட்டிக் கிடந்த ஏடுகளைக் கரையான் தின்னது போக மிச்சத்தை ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் எடுத்தாங்கங்கறது நாம எல்லாரும் கேட்ட கதை. அதோட பின்பாதியை அவ்வளவாப் பேசறதில்லை. பாட்டு கிடைச்சது, பண் கிடைக்கலை. திருமுறை கண்ட புராணம் சொல்றபடி, எருக்கத்தம்புலியூர்ல திருநீலகண்ட யாழ்ப்பாணர் வம்சத்துல வந்த ஒரு பொண்ணுக்குத்தான் அந்தப் பண்கள் தெரிஞ்சிருந்துச்சு. அவங்களைக் கூட்டி வந்து பாட வெச்சு பண் வகுத்தாங்க. புராணம்தான், வரலாறுன்னு சாதிக்க மாட்டேன். ஆனாலும் அதைக் கட்டினவருக்கு ஒரு உண்மை தெரிஞ்சிருக்கு. ஓலையில எழுத்து நிக்கும், ராகம் தொண்டையில மட்டும்தான் நிக்கும். அந்தத் தொண்டை போச்சுன்னா அதோட சரி.

தொண்டை இல்லாமலும் ராகம் நிக்கும்னு ஆனது கிராமபோனுக்கு அப்புறம். 78 சுத்து இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷமும் கொஞ்சமும் மட்டும்தான் கொள்ளும். நம்ம சினிமாப் பாட்டு இன்னிக்கும் நாலு நிமிஷத்தைச் சுத்தியே வர்றதுக்கு அந்தத் தட்டோட அகலமும் ஒரு காரணம். எங்க ஜில்லாக்காரன் இந்த இடத்துல சேலம் மாடர்ன் தியேட்டர்ஸைச் சொல்லாம தாண்டினா சோறு கிடைக்காது. 1935-ல டி.ஆர்.சுந்தரம் ஏற்காடு அடிவாரத்துல ஆரம்பிச்சது. நூறு படத்துக்கு மேல. நாமக்கல் தனி மாவட்டமா ஆனது 1997-லதான், அதுவரைக்கும் நாங்களும் சேலம் ஜில்லாவே, அதனால பெருமையில பங்கு உண்டு. அங்க ஜி.ராமநாதன் இசையமைச்ச மந்திரி குமாரி 1950-ல வந்தது. வில்லன் பொண்டாட்டியைத் தள்ளிவிடறதுக்காக மலையுச்சிக்கு நடத்திக் கூட்டிப் போவானே, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடற பாட்டு, அது இந்தப் படம்தான். மேடு ஏறும்போது நான் அடிக்கடி போட்டுக்கறது அது. மேல போய் யார் யாரைத் தள்ளிவிடப் போறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே, இவ்வளவு இதமா ஒரு பாட்டைக் கேட்கறது தனி அனுபவம். சுந்தரமும் ராமநாதனும் ஒரே வருஷம், 1963-ல போய்ச் சேர்ந்தாங்க.

தட்டும் கிராமபோனும் பணக்காரங்க சமாச்சாரம். ஊருக்குப் பாட்டு வந்தது டெண்ட் கொட்டாயில இருந்தும் மைக் செட்டுல இருந்தும். கொட்டாயில படம் போடறதுக்கு முன்னாடி குழாய் ஸ்பீக்கர்ல தட்டு ஓடும். எந்தப் பாட்டு வந்தா டிக்கெட் குடுக்க ஆரம்பிப்பான், எந்தப் பாட்டு வந்தா படம் ஆரம்பிச்சுடுவான்னு மூணு மைல் தள்ளி அடுப்பு முன்னாடி இருக்கற பொம்பளைங்களுக்கும் அத்துப்படி. கை வேலை அதுக்குத் தகுந்த மாதிரி வேகமாகும். ஆடி மாசம் மாரியம்மன் கோயில் மைக் செட் நாலரைக்கே ஆரம்பிச்சுடும், ஊரே எல்.ஆர்.ஈஸ்வரியோடதான் எந்திரிக்கும். பரீட்சைக்குப் படிக்கிறவன், ராத்திரி லோடு ஓட்டிட்டு வந்து படுத்த டிரைவர், யாருக்கும் தப்பிக்க வழி இல்லை. பிடிச்சாலும் பிடிக்காட்டியும் ஊருக்கே ஒரே பாட்டு. 2000-ல வந்த ஒலி மாசு விதிகள் ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு மணி வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுங்குது. நியாயமான விதிதான், தூக்கம் கெட்டவன் நான், ஆதரிக்கிறேன். ஆனா அஞ்சே முக்காலுக்கு முழு ஊருக்கும் கேட்டுக்கிட்டிருந்த பாட்டு இப்ப அதே அஞ்சே முக்காலுக்கு என் ஒரு காதுக்குள்ள மட்டும் கேட்குதுங்கறது கொஞ்சம் விசித்திரமாத்தான் இருக்கு.

அப்புறம் ரேடியோ. இங்கதான் எங்கப்பா வர்றார்.

1952-ல மத்திய அரசுல தகவல் ஒலிபரப்பு மந்திரியா வந்த பி.வி.கேஸ்கருக்கு சினிமாப் பாட்டுன்னாலே ஆகாது. சாஸ்திரிய சங்கீதம் வளரணும்னு ஆல் இந்தியா ரேடியோவுல சினிமாப் பாட்டை ஓரங்கட்டிட்டார். ஜனங்க என்ன பண்ணுவாங்க? முள்ளை கொழும்புக்குத் திருப்பினாங்க. ரெண்டாம் உலகப் போர்ல தென்கிழக்காசியாவுல சண்டை போட்ட நேச நாட்டு ராணுவத்துக்காகக் கொழும்புல வெச்ச பெரிய சிற்றலை டிரான்ஸ்மிட்டர், போர் முடிஞ்சு 1949-ல இலங்கை அரசாங்கத்து கைக்கு வந்திருந்தது. சிப்பாய்களுக்காக வெச்ச மெஷின், சேந்தமங்கலம் டீக்கடை வரைக்கும் டி.எம்.எஸ்.சைக் கொண்டு வந்து சேர்த்தது. டெல்லிக்குப் புத்தி வந்து விவித் பாரதி ஆரம்பிக்க 1957 அக்டோபர் 3 ஆயிடுச்சு. அதுக்குள்ள நம்ம காது இலங்கைத் தமிழுக்குப் பழகிப் போச்சு. எஸ்.பி.மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம்னு பேர் சொன்னா எங்கப்பா தலைமுறைக்கு மாமன் மச்சான் பேர் மாதிரி. "கூட்டுத்தாபனம்"ங்கற வார்த்தைக்கு அர்த்தம் தெரியறதுக்கு முன்னாடியே அது எனக்குப் பிடிக்கும். காலைல பொங்கும் பூம்புனல் ஓடும், அது ஓடற வரைக்கும் எங்க வீட்ல யாரும் யாரையும் திட்டக்கூடாது, அப்பா சட்டம். நம்ம நாட்டுப் பாட்டை நம்ம நாட்டு ரேடியோ ஒதுக்கினப்ப பக்கத்து நாடு ஒண்ணு பத்திரமா எடுத்து வெச்சுக் குடுத்தது. அந்தக் குரல்கள்ல ஒண்ணான கே.எஸ்.ராஜாவை 1989-ல கொன்னுட்டாங்க. அதைப் பத்தி எழுத ஆரம்பிச்சா இந்தப் பதிவு வேற இடத்துக்குப் போயிடும்.

ரேடியோ பாட்டுக்கு ஒரு குணம் உண்டு. நீங்க அதைக் கூப்பிட முடியாது, அதுதான் உங்களைக் கூப்பிடும். எப்ப வரும்னு தெரியாது, வந்தா நாலு நிமிஷம், போனா போனதுதான். அதனாலதான் அப்பாவுக்கு கேசட் மேல அப்பிடி ஒரு வெறி. பிலிப்ஸ் கம்பெனி 1963-ல பெர்லின் கண்காட்சியில கொண்டு வந்த சின்ன கேசட், எழுபதுகள் முடியறப்ப எங்க ஊருக்கு வந்து சேர்ந்துச்சு. மாமா ஒருத்தர் சிங்கப்பூர்ல இருந்து ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டு வந்தார். வீட்டு ரேடியோவுக்கும் அதுக்கும் வயர் போட்டு இணைக்கத் தெரியாது. அப்பா என்ன பண்ணுவார்னா, ரேடியோவுக்கு எதிர்ல டேப் ரிக்கார்டரை ஒரு மணைப்பலகை மேல வெப்பார். எல்லாரையும் வாயை மூடச் சொல்லுவார். பாட்டு ஆரம்பிக்கும்போது ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்குவார். அப்பிடி எடுத்ததுதான் ஜானி பாட்டு. பாட்டு முடியற நேரம் பார்த்து அம்மா அடுப்படியில இருந்து எதையோ கேட்க வாயெடுத்தாங்க, அப்பா "ஷ்ஷ்"ன்னார். கேசட்ல அது பதிஞ்சு போச்சு. அப்புறம் வருஷக்கணக்கா அந்தப் பாட்டை நாங்க கேட்டப்பெல்லாம் கடைசியில அந்த "ஷ்ஷ்" உண்டு. எனக்கு அது பாட்டோட ஒரு பாகம். படத்தை தியேட்டர்ல திரும்பப் போட்டப்பப் போய்ப் பார்த்துட்டு, "ஷ்ஷ்" இல்லாம முடிஞ்சதும் ஏதோ வெட்டிட்டான்னு நினைச்சேன்.

இதே வருஷங்கள்லதான் ஜப்பான்காரன் இன்னொரு வேலை பண்ணிக்கிட்டிருந்தான். 1979 ஜூலை 1-ல சோனியோட முதல் வாக்மேன் கடைக்கு வந்தது. நீலமும் வெள்ளியுமா, விலை 33,000 யென். அதுல ஹெட்ஃபோன் சொருக ரெண்டு ஓட்டை. ஏன் ரெண்டு? சோனி தலைவர் அகியோ மோரிட்டா மாதிரி மெஷினை வீட்டுக்குக் கொண்டு போய் காதுல மாட்டிக்கிட்டு உக்கார்ந்திருக்கார், தன்னை ஒதுக்கிட்டார்னு வீட்டம்மாவுக்குக் கோவம். தனியாப் பாட்டுக் கேட்கறது மரியாதை இல்லைன்னு அவருக்கே தோணிடுச்சு. ரெண்டு பேர் சேர்ந்து கேட்க ரெண்டு ஓட்டை வைங்கன்னார். கேட்கறவங்க ரெண்டு பேரும் பேசிக்கணும்னா அமுக்க ஒரு ஆரஞ்சு பட்டன், அமுக்கினா பாட்டு சத்தம் குறைஞ்சு மைக் வழியா பேச்சு கேட்கும். வாங்கின ஜனம் என்ன பண்ணுச்சு? ஆளுக்கு ஒண்ணா வாங்கித் தனித்தனியாக் கேட்டுது. ரெண்டாவது ஓட்டையும் பட்டனும் பின்னாடி வந்த மாடல்கள்ல காணாமப் போச்சு. மனுஷன் பாட்டோட தனியா நடக்க ஆசைப்படறான்னு, கண்டுபிடிச்சவங்களுக்கே முன்கூட்டித் தெரியலை. நம்ம ஊர்ல அது துபாய் ரிட்டர்ன் அண்ணன்கள் இடுப்புல வந்தது. அப்புறம் எம்.பி.3, 2001-ல ஐபாட், இப்ப போன்லயே எல்லாம். 2010-ல ஜப்பான்ல கேசட் வாக்மேன் தயாரிப்பை நிறுத்தினாங்க, 2022-ல ஐபாடும் போச்சு.

எங்களுக்கு வாக்மேனைவிட பெரிய திருவிழா நாமக்கல் கேசட் பதிவுக் கடைதான். எண்பதுகள்ல வயசுக்கு வந்தவங்களுக்கு இது தெரியும். ஒரு பேப்பர்ல பாட்டுகளை வரிசையா எழுதி, ஒரு டி.டி.கே. 60 வாங்கிக் குடுத்துட்டு வந்தா நாலு நாள்ல பதிஞ்சு வெப்பாங்க. பக்கத்துக்கு முப்பது நிமிஷம். ஏழு பாட்டா ஆறு பாட்டாங்கறதுல கடைக்காரரோட பேரம். அந்த வரிசை மண்டையில ஏறிடும். இன்னிக்கும் எங்கயாவது ஜென்சி பாட்டு ஒண்ணு முடிஞ்சா, அடுத்த பாட்டோட முதல் வயலின் எனக்குள்ள தானா ஆரம்பிக்கும், போன்ல வேற எது வந்தாலும். (ஜென்சி நாலஞ்சு வருஷம் பாடிட்டு கேரளாவுல பாட்டு டீச்சர் வேலைக்குப் போயிட்டாங்க. அந்தக் கொஞ்சப் பாட்டுக்கு நம்மாளுங்க எழுதின பக்கங்களைச் சேர்த்தா ஒரு புறநானூறு தேறும்.)

இப்ப குற்ற ஒப்புதல். ஒத்திப்போட்டுக்கிட்டே வந்தேன்.

கேசட்டோட மேல் விளிம்புல ரெண்டு சின்ன பிளாஸ்டிக் காது இருக்கும். அதை உடைச்சுட்டா மேல வேற எதையும் பதிய முடியாது. அப்பா தன்னோட கேசட் எல்லாத்துலயும் காதை உடைச்சு வெச்சிருப்பார், அட்டையில பச்சை மை பேனாவுல பாட்டு வரிசை. உடைச்ச இடத்துல பேப்பரைச் சுருட்டி அடைச்சா திரும்பப் பதியலாம்னு எனக்குக் காலேஜ்ல ஒருத்தன் சொல்லிக் குடுத்தான். 1994, காதலன் வந்த நேரம். ரகுமான் பைத்தியம் பிடிச்சு அலைஞ்ச காலம். புது கேசட்டுக்குக் காசில்லை. வீட்ல இருந்ததுல ஒண்ணை எடுத்து, பேப்பரை அடைச்சு, நண்பன் வீட்ல ரெண்டு பக்கமும் பதிஞ்சுட்டேன். அது எந்த கேசட்னு அட்டையைக்கூட திருப்பிப் பார்க்கலை.

பத்து நாள் கழிச்சு அப்பா அதைப் போட்டார். பேட்டை ராப் வந்தது. கொஞ்ச நேரம் கேட்டார். நிறுத்தினார். கேசட்டை வெளிய எடுத்து அந்தப் பேப்பர் உருண்டையைப் பார்த்தார். என்னைத் திட்டலை, அதுதான் கஷ்டம். "நல்லாத்தான் இருக்குது"ன்னார். அப்புறம் அவர் எதையும் பதியவே இல்லை. 2011-ல போய்ச் சேர்ந்துட்டார். அவர் குரல் பதிஞ்சது எங்க வீட்ல அந்த ஒரு "ஷ்ஷ்" மட்டும்தான். கல்யாண வீடியோல கூட அவர் பேசாமத்தான் இருப்பார்.

காரவள்ளி ரோட்டுல நான் நின்னது அதுக்குத்தான். போன்ல வந்த ஜானகி பாட்டு துல்லியமா இருந்தது. அந்தக் காலத்து ரேடியோவுல கேட்காத தபேலாவோட விரல் நுனியெல்லாம் கேட்டுது. பாட்டு கிடைச்சுடுச்சு. வன்பரணர் பாட்டு நமக்குக் கிடைச்ச மாதிரி.

அன்னிக்கு சாயங்காலம் பரண்ல ஏறினேன். பச்சை மை அட்டை இருந்தது, உள்ள கேசட்டும் இருந்தது. பேப்பர் உருண்டை அப்பிடியே. ரிக்கார்டரோட பெல்ட் உருகி தார் மாதிரி ஒட்டிக் கிடந்தது. சேலத்துல ஒரு பெரியவர் இன்னும் இதெல்லாம் ரிப்பேர் பண்றார்னு கேள்விப்பட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். நாடாவுல பூஞ்சை, துடைச்சுத்தான் போடணும், ஒரு வாரம் கழிச்சு வாங்கன்னார். போனேன். அவர் கடையிலயே உக்கார்ந்து முதல் பக்கம் முழுக்கக் கேட்டேன். ஜானகி பாட்டு இருந்த இடத்துல ரகுமான்தான். அது தெரிஞ்சுதான் போனேன்.

ஆனா ஒரு கணக்கு எனக்குப் பிடிபடாம இருந்தது. அறுபது நிமிஷ கேசட்டுங்க நிஜத்துல பக்கத்துக்கு முப்பதைவிட கொஞ்சம் அதிகமாவே ஓடும். நான் கடைசி ரகுமான் பாட்டு முடிஞ்சதும் நிறுத்தியிருக்கேன். அதுக்கப்புறம் டக்குன்னு ஒரு சத்தம், இரைச்சல், பழைய நாடா. நேயர் விருப்பம் போல. ஒரு பொண்ணு குரல் வரிசையாப் பேர் வாசிக்கிறாங்க. வவுனியா, மட்டக்களப்பு, பேசாலைன்னு ஊரும் பேருமா. நடுவுல எங்க வீட்டுக் குக்கர் ஒரு விசில். அப்புறம் ரொம்பப் பக்கத்துல, மைக்குக்கு நேரா, யாரோ தொண்டையைச் செருமறாங்க. ஒரே ஒரு தடவை. பாட்டோட முன்னிசை ஆரம்பிக்குது, நாடா தீர்ந்துடுச்சு.

பெரியவர் என் மூஞ்சியைப் பார்த்துட்டு, கேட்காமயே திரும்பச் சுத்திப் போட்டார். மொத்தம் நாப்பது செகண்ட் தேறும். அதை போன்ல ஏத்திக் குடுக்கச் சொன்னேன். காசு வாங்க மாட்டேன்னார், கட்டாயப்படுத்திக் குடுத்துட்டு வந்தேன்.

மத்த பாட்டுங்களோட அதையும் கலந்து போட்டிருக்கேன். எப்ப வரும்னு தெரியாது. நேத்து காலைல வந்தது. லோகநாதனும் ஜிக்கியும் மலையேறி முடிச்ச கையோட, களப்பநாயக்கன்பட்டிக்கு முன்னாடி புளியமரம் இருக்கற திருப்பத்துல, குக்கர் விசில் அடிச்சது. கொஞ்சம் வேகத்தைக் குறைச்சேன், நிக்கலை. எதிர்ல ஒரு முட்டை லாரி வந்துக்கிட்டிருந்தது.